தெர்மாகோலில் குத்திவைத்த பதினெட்டுப் பூச்சிகள்

என் வீட்டுக்காரர் ஜவ்வாது மலைமேல் ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. வாலிப வயதில் அதே ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக வந்தவர். நோய் குணமாகிவிட்டது. ஆனால் குணமாவதற்குள் இரண்டு கைகளிலும் இருந்த உணர்ச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பாதங்களிலும் அப்படித்தான். சுடுகிற டம்ளரைப் பிடித்தாலும், முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது. விரல்கள் உள்பக்கமாக மடங்கி, வருஷத்துக்கு வருஷம் இன்னும் கொஞ்சம் மடங்கிக்கொண்டே வந்தன.

நான் அந்த ஆஸ்பத்திரிச் சமையல்காரரின் மகள். எட்டாவது வரை படித்தவள். எங்கள் கல்யாணத்துக்குச் செங்கத்துச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வரவில்லை. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுத வந்தது எங்கள் வீட்டில் இருந்த ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ஆஸ்பத்திரியில் பல வருஷம் இருந்த வெளிநாட்டு டாக்டர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது தன் பழைய கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனார். ஆபீஸ் ஓட்டுக் கூரை ஒழுகும். எங்கள் குவார்ட்டர்ஸ் ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருந்ததால் கரெண்டு போனாலும் வரும். அதனால் மிஷினை எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அதை இயக்க டாக்டரே சொல்லிக்கொடுத்திருந்தார். விரலால் தட்ட முடியாது. ஆஸ்பத்திரிச் செருப்புப் பட்டறையில் தோல் வார் ஒன்று தைத்துக் கொடுத்தார்கள். அதில் ஒரு பென்சிலைத் தலைகீழாகச் செருகிக் கட்டிக்கொண்டு, ரப்பர் முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார்.

அப்போது அவருடைய கையெழுத்து கெட்டுக்கொண்டிருந்தது. மலைக் கிராமங்களில் யார் யாருக்கு எந்த மாதம் மாத்திரை என்று ரிஜிஸ்டர் எழுதுவதுதான் அவர் வேலை. ஒரு தடவை அவர் எழுதிய ஊர்ப் பெயரை டிரைவர் வேறு ஊராகப் படித்து, ஜீப் தப்பான பக்கம் போய் வெறுமனே திரும்பி வந்தது. நிர்வாகம் பார்த்த கன்னியாஸ்திரி அவரைக் கூப்பிட்டுப் பேசினார். நானும் கூட இருந்தேன்.

"உங்கள வெளிய அனுப்ப மாட்டேன், பயப்படாதீங்க" என்றார் சிஸ்டர். "ஆனா ரிஜிஸ்டர் இப்படியே ஓடாது. திருப்பத்தூர்லேர்ந்து ஒருத்தர் வேலைக்குக் கேட்டிருக்காரு, கையெழுத்து முத்து முத்தா இருக்கு. பொங்கல் முடிஞ்ச வாரம் ஜீப் மலைக்குக் கெளம்பும்போது மிஷின்ல அடிச்ச லிஸ்டு என் கையில இருந்தா ரிஜிஸ்டர் உங்களுது. இல்லேன்னா அவர எடுத்துக்கறேன், நீங்க கேட்டுக்கு வாட்ச்மேனா வந்துடுங்க. சம்பளம் ஒரு பைசா கொறையாது."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்தபின் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "மொத மொதல்ல வந்தப்ப பெட் இல்லன்னு பதினோரு நாள் அந்த கேட்டாண்டதான் உக்காந்துகினு இருந்தேன். மறுபடியும் அங்கியே உக்காரணுமா?"

மிஷினில் லிஸ்டு அடிப்பதற்கான புரோகிராமை டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். பிளாப்பியைப் போட்டால், ஞாபகத்தில் இடம் போதவில்லை என்று இங்கிலீஷில் வந்து நின்றது. டாக்டருக்கு எழுதினோம். உள்ளே இரண்டு வரிசை காலியாக இருக்கும், அதில் செருகச் சாமான் அனுப்புகிறேன், வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

சாமான் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால் வந்தது. டாக்டரின் ஊரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு நர்ஸம்மா கையில் கொடுத்தனுப்பி, கைமாறிக் கைமாறி வேலூர் வழியாக மலையேறியது. எப்படிப் போடுவது என்ற விளக்கத்தைத் தபாலில் தனியாக அனுப்பியிருப்பதாக நர்ஸம்மா சொன்னாராம். என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்தார். உள்ளே கறுப்பாக ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு, அதில் வரிசையாகக் குத்தியிருந்த கறுப்புச் சிப்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் கால்கள்.

"இன்னாங்க இது, பூச்சி மாரி கீது?"

"இதுதான் ஞாபகசக்தி. பதினெட்டு."

"இதுக்கா இவ்ளோ பேச்சு? எங்க நாயினா வல்லாரை அரைச்சுக் குடுப்பாரு, அத்தோட செரி."

"நீ இன்னா அரைச்சாலும் இதுக்கு ஏறாது" என்று சிரித்தார். "லெட்டர் வரட்டும். அது வரைக்கும் பத்திரமா வையி."

மறுநாள் அவர் கேம்புக்காக மூன்று நாள் மலைக்குள் போய்விட்டார். பத்திரமாக வைக்கிற பொறுப்பு எனக்கு வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். புதிதாக எது வந்தாலும், குக்கரோ குடையோ, முதலில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே பீடத்தில் வைப்போம். பங்குச் சாமியார் வரும்போது மந்திரிப்பார். அப்புறம்தான் எடுத்துப் புழங்குவோம். இந்தச் சாமானை அப்படி வைக்காமல் எப்படி? அவருடைய வேலையே அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. கரிச்சட்டி துடைத்தது போல் இருந்தது. தொட்டால் கையில் பொடி ஒட்டியது. இதை எப்படி ஆண்டவர் முன்னால் வைப்பது என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பனி செய்ய வெள்ளை வெளேரென்று தெர்மாகோல் வைத்திருந்தேன். மைக்ரோஸ்கோப் வந்த பெட்டியிலிருந்து எடுத்தது. அதில் ஒரு பலகை நறுக்கினேன். மலைமேல் மார்கழிக் குளிர், காற்று வறண்டு உதடெல்லாம் வெடித்திருக்கும். நான் கம்பளி ஸ்வெட்டர் போட்டு, நைலக்ஸ் புடவை கட்டியிருந்தேன். பூச்சிகளை ஒவ்வொன்றாக ஸ்பாஞ்சிலிருந்து பிடுங்கி, முந்தானையால் பொடி போகத் துடைத்து, தெர்மாகோலில் ஆறு ஆறாக மூன்று வரிசை குத்தினேன். நறுக்கின தெர்மாகோல் துணுக்குகள் என் கையிலும் ஸ்வெட்டரிலும் ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் விழாமல் படுத்தின. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் வேலை செய்தேன். மேலே பீடத்து நைலான் லேஸ் துணியைப் போட்டு மூடினேன். கறுப்பு ஸ்பாஞ்சைப் பால் அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்க எடுத்துக்கொண்டேன். நன்றாகத் தேய்க்கவும் இல்லை, உதிர்ந்து போய்விட்டது.

கிறிஸ்துமஸ் அன்று சாமியார் வந்தார். துணியைத் தூக்கிப் பார்த்து, "இதென்னம்மா, குடில்ல பூச்சியும் வந்து தெண்டனிடுதா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்தார். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள் டாக்டரின் கடிதம் வந்தது. இரண்டு தாள், இரண்டு பக்கமும் டைப் அடித்தது. என் வீட்டுக்காரர் சாயங்காலம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆஸ்பத்திரிச் சட்டம். உணர்ச்சி இல்லாதவர்கள் தினம் ஒரு தடவை கை காலைச் சோதிக்க வேண்டும். கொப்புளமோ வெட்டோ இருந்தால் அவருக்குத் தெரியாது, நான்தான் கண்டுபிடிப்பேன். தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவி, அப்புறம் செபமாலை.

அவர் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார்.

"உரசினா வர்ற கரெண்டு ஒண்ணு கீதாம். கம்பளி, நைலான், பிளாஸ்டிக்கு, இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசினா நம்ம ஒடம்புல ஏறி நிக்குமாம். ஸ்வெட்டர் கழட்டும்போது பட்டு பட்டுன்னு பொரியுதே, அது. அந்தக் கையோட சிப்பைத் தொட்டா அது செத்துடுமாம்."

எனக்கு எண்ணெய்க் கிண்ணம் கையில் இருந்தது.

"போடற வரைக்கும் கறுப்பு ஸ்பாஞ்சுலேர்ந்து எடுக்கவே கூடாதாம். அந்தக் கறுப்புதான் எல்லாக் காலையும் ஒண்ணா சேத்துக் காப்பாத்துதாம். முக்கியமா" என்று விரலைத் தாளில் வைத்து இழுத்து, "தெர்மாகோல்ல மட்டும் வைக்காதீங்கன்னு அடிக்கோடு போட்டுக்கீறாரு. அதப் போயி எவன் தெர்மாகோல்ல வைக்கப் போறான்?"

என் கண் பீடத்துக்குப் போயிற்று. அவரும் தலையைத் தூக்கி அங்கே பார்த்தார். லேஸ் துணி மூடியிருந்தது. எழுந்து போய்த் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மே. ஸ்பாஞ்சு எங்க?"

"பால் சட்டி தேய்ச்சேன்."

"சட்டி தேய்ச்சியா?"

"செரியாக்கூடத் தேய்க்கலைங்க அது."

அவர் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தின் இரண்டாம் தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இதக் கேளு" என்றார். "நம்ம கையில சுரீர்னு தெரியறதுக்கு ரொம்ப முன்னாலியே சிப்பு செத்துடுமாம். மனுஷனுக்கு உணர்ச்சியே தெரியாத அளவு கரெண்டு போதுமாம் அதைக் கொல்ல. தெரியலைன்னா ஒண்ணுமில்லன்னு நெனைக்காதீங்கன்னு எழுதிக்கீறாரு." தாளைக் கீழே வைத்தார். "அப்ப இந்த விஷயத்துல ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் என் கைதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செபமாலை சொல்லும்போது நான் எத்தனை மணி உருட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒரு வரிசைக்கு ஒன்பது சிப்பு. எட்டு வேலை செய்யும், ஒன்பதாவது அந்த எட்டையும் கண்காணிக்கும். ஒன்பதும் நன்றாக இருந்தால்தான் வரிசை ஓடும். ஒரு வரிசை ஓடினால் புரோகிராம் ஏறும், லிஸ்டைப் பாதி பாதியாக அடிக்கலாம். இரண்டும் ஓடினால் ஒரே தடவையில் அடிக்கலாம். ஆக, பதினெட்டில் குறைந்தது ஒன்பது சிப்பு உயிரோடு இருக்க வேண்டும். இன்னொரு தொகுதி வாங்கி அனுப்பி அது வந்து சேர மூன்று மாதமாவது ஆகும். பொங்கலுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

மறுநாள் அவருக்கு லீவு. காலையிலேயே வேலையை ஆரம்பித்தோம். முதலில் யார் போடுவது என்று பேச்சு வந்தது.

"நான்தான் போடுவேன்" என்றார். "பொண்டாட்டி வந்து போட்டான்னு நாளைக்கு எவனும் பேசக்கூடாது."

போடுகிறவர் ஒரு கை எப்போதும் மிஷினின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், உடம்பில் ஏறினது அதன் வழியாக இறங்கிவிடும் என்று கடிதம் சொன்னது. அவர் தொட்டுக் காட்டினார். நான் பார்த்தேன். விரல் மடங்கி, சட்டத்துக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருந்தது. அவர் தொட்டுக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"படலைங்க" என்றேன்.

குனிந்து பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

காலும் அப்படித்தான். வெறுங்காலில் ஈரத் தரையில் நிற்பது நல்லது என்று எழுதியிருந்தது. அவர் வெறுங்காலில் நிற்கக்கூடாது. பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள் படுக்கையை விட்டு இறங்கும்போதே ரப்பர் செருப்பு போட வேண்டும் என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். அந்த ரப்பர் கரெண்டைத் தரைக்குப் போகவிடாது. டாக்டர் இங்கே இருந்தபோது செருப்பைக் கழற்றாதே என்று இருபது வருஷம் கத்தினவர். இப்போது அவரே செருப்பில்லாமல் நில் என்று எழுதியிருக்கிறார்.

"ரெண்டு சட்டத்தையும் ஒரே ஆள் கடைப்பிடிக்க முடியாது" என்றார் அவர். "நீயே போடு. நான் படிக்கறேன்."

மிஷினின் பிளக்கைப் பிடுங்கக்கூடாது, அதிலுள்ள மூன்றாவது கம்பி வழியாகத்தான் எல்லாம் பூமிக்குப் போகும் என்றும் எழுதியிருந்தது. அதனால் சுவிட்சை அணைத்து, போதாததற்கு மெயினில் ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கி அலமாரியில் வைத்தார். எர்த் கம்பி போகிற குழி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. உப்பும் கரியும் போட்டு மூடின குழி. மழை நின்று ஒரு மாதம் ஆகி, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காய்ந்த குழி எதையும் உறிஞ்சாது என்று எலக்ட்ரீஷியன் முன்பே சொல்லியிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. நான் மூன்று குடம் தண்ணீர் ஊற்றினேன்.

பிறகு முன்னறைத் தரையை ஈரத் துணியால் மெழுகினாற்போல் துடைத்தேன். ஸ்வெட்டரைக் கழற்றினேன். நைலக்ஸை அவிழ்த்துவிட்டு, கசங்கின பருத்திப் புடவை கட்டினேன். வளையலைக் கழற்றினேன். அடுப்பில் ஒரு தேக்சா தண்ணீர் கொதிக்கவைத்து அறையில் கொண்டுவந்து வைத்தேன், காற்று கொஞ்சம் ஈரமாகட்டும் என்று. குளிரில் பல் தந்தியடித்தது.

"பிரசவத்துக்கு ரெடி பண்ற மாரி கீது" என்றார் அவர்.

"வாய மூடிக்கினு படிங்க."

தெர்மாகோலிலிருந்து எப்படி எடுப்பது என்று கடிதத்தில் இல்லை. அப்படி யாரும் வைப்பார்கள் என்று டாக்டர் நினைக்கவே இல்லையே. நாங்களாக ஒரு வழி யோசித்தோம். தெர்மாகோல் பலகையை ஈரத் துணியில் சுற்றி, மிஷினின் இரும்பு மூடியைத் தரையில் மல்லாத்தி, அதன்மேல் அரை மணி நேரம் வைத்தோம். மூடியிலிருந்து ஒரு செம்புக் கம்பியை மிஷின் சட்டத்தில் சுற்றினார். அது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சிலுவை போட்டுக்கொண்டு, இடது முழங்கையைச் சட்டத்தில் அழுத்தி வைத்தேன். இரும்பு ஜில்லென்று இருந்தது. முதல் பூச்சியை எடுத்தேன்.

"ஒரு தலையில பிறை மாரி வெட்டு இருக்கும். அது பின்பக்கம் பாக்கணும்."

"இருக்குது."

"காலெல்லாம் கொஞ்சம் அகண்டு இருக்கும். மேசையில அழுத்தி நேராக்கு. மேசையில இல்ல, இருப்பா, இரும்பு மூடியில."

"இருப்பாவா? நான் இன்னா உங்க பட்டறைக் கூட்டாளியா?"

"செரிம்மே. காலு ஓட்டைக்கு நேரா வந்துச்சா?"

"வந்துச்சு."

"அமுக்கு. பயப்படாத, அமுக்கு."

நறுக்கென்று உட்கார்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு அருள்நிறை மரியே மந்திரம் சொல்லிக்கொண்டேன், மனசுக்குள். ஒன்பது போட ஒன்பது மந்திரத்துக்கு மேல் ஆகியிருக்கும். இடுப்பு விட்டுப்போயிற்று. முழங்கையை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

ஒரு வரிசை போட்டதும் சோதிக்கச் சொல்லியிருந்தது. ஞாபகம் எவ்வளவு என்று மிஷினுக்குச் சொல்கிற, உள்ளே இருந்த சின்னச் சுவிட்சுகளை அவர் பென்சில் முனையால் தள்ளினார். ஈரத் தரையில் ஷாக் அடிக்காமல் இருக்க என்னைக் காய்ந்த பலகையில் ஏறி நிற்கச் சொல்லிவிட்டு ஃப்யூஸைப் போட்டு, மிஷினை ஆன் செய்தார். திரையில் எண் ஏறத் தொடங்கியது. பழைய ஞாபகமான நூற்றிருபத்தெட்டு வந்தது. அதற்குமேல் ஏறாமல் நின்றது. ஒரு வரி எண்ணும் எழுத்துமாக விழுந்தது.

கடிதத்தின் கடைசியில் இருந்த கட்டத்தில் அந்த எழுத்தைத் தேடினார். "மூணாவது செத்துப்போச்சு" என்றார்.

மறுபடி அணைத்து, ஃப்யூஸ் பிடுங்கி, மூன்றாவதைக் கழற்றி, மிச்சமிருந்த ஒன்பதிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டேன். மறுபடி எண் ஏறி, அதே இடத்தில் நின்றது. இந்தத் தடவை எட்டாவது.

இப்படியே போனால் கைவசம் இருப்பது தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அவர் கணக்கே போடவில்லை. "இன்னொண்ணு எடு" என்றார், சோறு இன்னொரு கரண்டி போடு என்கிற மாதிரி.

போட்டேன். ஆன் செய்தார். நூற்றிருபத்தெட்டு. நூற்று நாற்பத்துநாலு. நூற்று அறுபது. நூற்று எழுபத்தாறு. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வந்து நின்றது. கீழே பிழை எதுவும் விழவில்லை.

பிளாப்பியைப் போட்டார். கரகரவென்று சுற்றி, டாக்டரின் புரோகிராம் திரையில் வந்தது. அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். நான் முட்டி போட்டேன். தரை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு, மிச்சமிருந்த ஏழையும் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுச் சோதித்தோம். அதில் ஒன்று செத்திருந்தது. ஆக மொத்தம் மூன்று சாவு. ஆறு மிச்சம். இரண்டாவது வரிசைக்குப் போதாது.

சிஸ்டருக்கு என்ன சொல்வது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது.

"பார்சல்லியே மூணு செத்து வந்துச்சுன்னு சொல்லிடலாம்" என்றார். "வழியில எத்தினி பேர் கை மாறிச்சோ."

"அந்த நர்ஸம்மா மேல பழி போவும்."

"அவங்கள யாரு தேடிப் போயி கேக்கப் போறாங்க?"

"சனிக்கெழம பாவசங்கீர்த்தனத்துல சாமியார் கேப்பாரே. அவருதான தீர்த்தம் தெளிச்சாரு."

நானே போய்ச் சிஸ்டரிடம் சொன்னேன், ஸ்பாஞ்சு, தெர்மாகோல், பால் சட்டி எல்லாம். கேட்கும்போது சிஸ்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிவில், "நல்லவேளை எங்கிட்ட குடுக்கல" என்றார். "நான் வெந்நீர்ல போட்டுக் கொதிக்கவெச்சிருப்பேன்." அப்புறம் குரலை மாற்றி, "லிஸ்டு வருமா, வராதா?" என்று கேட்டார்.

"பாதி பாதியா வரும் சிஸ்டர்."

"பாதி பாதியாவே வரட்டும்."

பொங்கல் முடிந்த வாரம், திங்கட்கிழமை காலை, கிழக்குச் சரிவு ஊர்கள் ஒரு தாளிலும் மேற்குச் சரிவு ஊர்கள் இன்னொரு தாளிலுமாக லிஸ்டு சிஸ்டர் மேசைக்குப் போனது. பிரிண்டரில் காகிதம் இரண்டு தடவை சிக்கியது. சில பெயர்களை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று அவர் தன்னிஷ்டத்துக்கு அடித்திருந்தார். டிரைவர் தாளை வாங்கி ஒவ்வொரு ஊராக உரக்கப் படித்தார். ஒன்றும் தப்பவில்லை. சிஸ்டர் கையெழுத்துப் போட்டு, தாளை டிரைவரிடமே திருப்பிக் கொடுத்து, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அடுத்த மாசத்துது எப்ப ரெடியாகும்?" என்று கேட்டார். திருப்பத்தூர்க்காரரைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

டாக்டருக்கு நடந்ததை எழுதினோம். அவர் பதிலில் கோபம் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை இருந்தது. அடிபட்ட சிப்புகளில் சில உடனே சாகாது, உள்ளே காயத்தோடு கொஞ்ச நாள் ஓடிவிட்டு ஒரு நாள் நின்றுபோகும், நன்றாக ஓடுகிற ஒன்பதையும் நம்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

அதிலிருந்து காலையில் அவர் மிஷினை ஆன் செய்யும்போது நான் எந்த வேலையில் இருந்தாலும் வந்து பின்னால் நிற்பேன். எண் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரும்வரை வாயில் செபம் ஓடும். வந்ததும் அடுப்படிக்குப் போய்விடுவேன். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒரு நாள் எண் பாதியில் நின்றது. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி, புடவை மாற்றி, ஆறில் ஒன்றை எடுத்துப் போட்டேன். அடுத்த வருஷம் இன்னொன்று. அதற்கடுத்த மழைக்காலத்தில் இன்னும் ஒன்று.

மூன்று மிச்சம் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் புது மிஷின் வந்தது. ஆபீஸ் கூரையைக் கான்கிரீட் போட்டு, அங்கேயே வைத்தார்கள். அதையும் அவர்தான் இயக்கினார். பென்சில் கட்டுகிற தோல் வார் நைந்துபோயிருந்ததால் பட்டறையில் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தார்கள்.